பைன் காடா, சோலையா? பொழுதுபோக்கு மதிப்பை எப்படிக் கணக்கிடுவது?

மஞ்சூர்_மலர்

எல்லோருக்கும் வணக்கம். வனவியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆய்வேட்டில் சிக்கி நிற்கிறேன், கொஞ்சம் கைகொடுங்கள்.

வெவ்வேறு விதமாகப் பராமரிக்கப்படும் காடுகளின் பொழுதுபோக்கு மதிப்பை ஒப்பிட வேண்டும். சொந்த ஊர் நீலகிரி என்பதால் இடங்களையும் இங்கேயே எடுத்துக்கொண்டேன். தலைகுந்தா பைன் காடு: ஒரே இனம், ஒரே வயது, வரிசையாக நட்டது. கெயர்ன் ஹில்: பழைய சைப்ரஸ் தோட்டம், இப்போது வனத்துறை நடைபாதை போட்டுச் சூழல் சுற்றுலாவாக நடத்துகிறது. மூன்றாவது கோத்தகிரி லாங்வுட் சோலை: சுமார் 116 ஹெக்டேர், ஊருக்கு நடுவே தப்பிப் பிழைத்த இயற்கைச் சோலை (மலை மடிப்புகளில் தானாக வளரும் அடர்காடு), கீழே உள்ள கிராமங்களுக்குத் தண்ணீர் தருவது.

வழிகாட்டி ஆசிரியர் சொன்னது இவ்வளவுதான்: “மூன்றுக்கும் ரூபாயில் மதிப்புப் போடு. எந்த மேலாண்மை மக்களுக்கு அதிகப் பயன் தருகிறது என்று கடைசி அத்தியாயத்தில் முடிவு சொல்.” பயணச் செலவு முறையில் (வந்து போக மக்கள் செய்யும் செலவை வைத்து இடத்தின் மதிப்பை அளப்பது) செய்யலாம் என்று வினாத்தாள் தயாரித்துக் கிளம்பினேன். எங்கிருந்து வருகிறீர்கள், வண்டிக்கு எவ்வளவு ஆயிற்று, வருடத்தில் எத்தனை முறை வருவீர்கள், அப்புறம் கடைசியில், இந்தக் காட்டைப் பராமரிக்க எவ்வளவு கொடுப்பீர்கள்.

பைன் காட்டில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சோலையில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாலும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வருகிறார்கள். முதல் கணக்கில் பைன் எங்கேயோ போய்விட்டது, சோலை தரையில் கிடக்கிறது. இதை அப்படியே எழுதினால், “மக்களுக்குப் பைன்தான் பிடிக்கிறது, எல்லா இடத்திலும் பைன் நடுங்கள்” என்று ஆகிவிடாதா? இங்கே அந்நிய மரங்களை எடுக்கச் சொல்லி நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கும்போது, என் ஆய்வேடு இப்படி ஒரு முடிவோடு நிற்பது எனக்கே உறுத்துகிறது.

பதில்களும் குழப்புகின்றன. ஈரோட்டுக் குடும்பம் ஒன்றிடம் “ஏன் இந்தக் காட்டுக்கு வந்தீர்கள்?” என்று கேட்டேன். அந்த அம்மா ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, “டிரைவர் நிறுத்தினாரு கண்ணு, இறங்கினோம்” என்றார். எவ்வளவு கொடுப்பீர்கள் என்ற கேள்விக்குப் பாதிப் பேர், “கவர்ன்மென்ட் காட்டுக்கு நாங்க எதுக்குப் பணம் குடுக்கணும்?” என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்கள். அதையெல்லாம் பூஜ்ஜியம் என்று எழுதுவதா? லாங்வுட்டில் பார்த்த ஒருவர் பெங்களூரிலிருந்து சிரிப்பான் குருவியைப் படமெடுப்பதற்கென்றே இரவு வண்டி பிடித்து வந்தவர். அவர் ஒருவரும் ஈரோட்டு அம்மாவும் என் அட்டவணையில் ஒவ்வொரு வரிதான்.

எங்கே பிசகுகிறது? முறையிலா, கேள்வியிலா, இல்லை மூன்று காடுகளை ஒப்பிடும் எண்ணமேவா?

---

வரவுசெலவு

மலர், உங்களுக்கு உறுத்துவது நல்ல அறிகுறி. சுற்றுச்சூழல் பொருளியலில் பல வருடம் குப்பை கொட்டியவள் என்ற முறையில் சொல்கிறேன், சற்று நீளமாக இருக்கும்.

முதலில் நீங்கள் கையில் எடுத்திருக்கும் கருவி எதற்காகப் பிறந்தது என்று பாருங்கள். 1947-இல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறைக்கு ஹெரால்டு ஹோட்டெலிங் என்ற பொருளியலாளர் ஒரு கடிதம் எழுதினார். பூங்காவைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பிரியுங்கள், தூரத்து வட்டத்திலிருந்து வருபவனுக்குச் செலவு அதிகம், அதனால் அங்கிருந்து வருகை குறையும், அந்தக் குறைவிலிருந்தே, செலவு ஏற ஏற வருகை எப்படிக் குறைகிறது என்று காட்டும் தேவைக் கோட்டை வரைந்துவிடலாம் என்பது யோசனை. 1950-களின் கடைசியில் மேரியன் கிளாசன் அதைக் கணக்காகச் செய்து காட்டினார். கவனியுங்கள், அங்கே ஒரு குடும்பம் ஒரு பூங்காவுக்கென்றே கிளம்பிப் போகிறது. யோசமிட்டி தேசியப் பூங்காவுக்குப் போகிறவன் யோசமிட்டிக்குத்தான் போகிறான்.

ஊட்டியில் நடப்பது வேறு. கோவையிலிருந்து 86 கிலோமீட்டர் ஏறி வரும் குடும்பம் ஒரே நாளில் தாவரவியல் பூங்கா, படகு இல்லம், தொட்டபெட்டா, பைன் காடு, பைக்காரா என்று ஐந்து இடம் பார்க்கிறது. பைன் காட்டில் அரை மணி நேரம். அந்த நாளின் முழுச் செலவையும் நீங்கள் பைன் காட்டின் தலையில் கட்டியிருந்தால், மற்ற நான்கு இடங்களின் மதிப்பையும் சேர்த்துப் பைனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். லாங்வுட்டுக்கு வந்த அந்தப் பெங்களூர்க்காரரோ சுமார் 270 கிலோமீட்டரை அந்தச் சோலைக்காகவே கடந்திருக்கிறார். அவர் செலவு முழுவதும் சோலைக்குச் சேரும். ஈரோட்டு அம்மாவின் செலவில் ஒரு சின்னத் துண்டுதான் பைனுக்கு. நேரத்தை வைத்துப் பங்கு பிரிக்கலாம், அல்லது “இன்றைய பயணத்தில் இந்த இடத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு?” என்று அவர்களையே கேட்கலாம். இரண்டுமே முழுத் திருப்தி தராது. ஆனால் பங்கு பிரிக்காமல் விடுவதைவிட எவ்வளவோ மேல்.

வருடத்துக்கு எத்தனை முறை என்ற கேள்வியும் இங்கே வேலைக்கு ஆகாது. சுற்றுலாவாசிகளில் பெரும்பாலோருக்கு விடை ஒன்று அல்லது இரண்டு வருடத்துக்கு ஒன்று. எல்லோரும் ஒரே எண்ணைச் சொன்னால் தேவைக் கோடு எங்கிருந்து வரும்? தனிநபர்க் கணக்கை விட்டுவிட்டு மாவட்ட வாரியாக, ஆயிரம் பேருக்கு எத்தனை வருகை என்று போடுங்கள். 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் ஆனது உங்களுக்குத் தெரிந்ததே. எந்த ஊரிலிருந்து எத்தனை வண்டி மலையேறுகிறது என்ற தகவல் அரசிடம் சேர்ந்துகொண்டே இருக்கிறது. மாவட்ட நிர்வாகத்துக்குக் கல்லூரிக் கடிதத்தோடு விண்ணப்பித்துப் பாருங்கள். எந்தக் காட்டில் இறங்கினார்கள் என்பது அதில் இருக்காது, அதற்கு உங்கள் வினாத்தாள் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பு இருந்தது. வரம்பு முட்டிய நாட்களில் வந்தவர் எண்ணிக்கை மக்களின் விருப்பத்தைக் காட்டாது, வாசல் எவ்வளவு திறந்திருந்தது என்பதைத்தான் காட்டும். அந்த நாட்களைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

நுழைவுக் கட்டண வசூலை மதிப்பு என்று எங்காவது எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள். உண்டியலை எண்ணி ஊரின் பக்தியை அளப்பது போன்றது அது. நமக்கு வேண்டியது, கொடுத்ததற்கு மேல் அவர் எவ்வளவு கொடுக்கத் தயாராக இருந்தார் என்ற உபரி. உதாரணத்துக்குச் சொல்கிறேன், வருகை எண்ணிக்கையைச் செலவோடு இணைக்கும் கணித மாதிரியில் பயணச் செலவின் கெழு (செலவு ஒரு ரூபாய் ஏறினால் வருகை எந்த அளவுக்கு மாறுகிறது என்ற எண்) -0.002 என்று வந்தால் ஒரு வருகைக்கு உபரி 500 ரூபாய். கெழுவின் தலைகீழ், அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் காட்டுக்குள் நின்று கேட்டால் அடிக்கடி வருகிறவர்களே அதிகம் மாட்டுவார்கள், வராதவர் ஒருவரும் மாட்டமாட்டார். அதற்கான திருத்தத்தைப் போடாமல் விடாதீர்கள், வாய்மொழித் தேர்வில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

இப்போது உங்கள் உண்மையான பிரச்சினை. நீங்கள் ஒப்பிட்டது மூன்று மேலாண்மையை என்று நினைக்கிறீர்கள். கணக்கில் விழுந்தது மூன்று வாகன நிறுத்தம். பைன் காடு கூடலூர் சாலையின் ஓரத்திலேயே இருக்கிறது, வண்டி நிற்க இடம், சுட்ட சோளம், மிளகாய்த் தூள் போட்ட மாங்காய், உள்ளே செருப்போடு நடக்கலாம். சோலைக்கு அனுமதி கேட்க வேண்டும், மழையில் காலில் அட்டைப்பூச்சி ஏறும், கழிப்பறை தேட வேண்டும். மரத்தைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று இந்த எண்ணிக்கையிலிருந்து ஒன்றுமே சொல்ல முடியாது.

மரத்தையும் வசதியையும் பிரிக்க ஒரே நல்ல வழி தெரிவுச் சோதனை. அட்டைகள் தயாரியுங்கள். ஒரு அட்டையில் பைன், நல்ல பாதை, கூட்டம், கட்டணம் 30 ரூபாய். இன்னொன்றில் சோலை, அதே பாதை, கூட்டம் இல்லை, கட்டணம் 100 ரூபாய். இரண்டும் வேண்டாம் என்ற மூன்றாவது வாய்ப்பும் இருக்கட்டும். இப்படிப் பல சேர்க்கைகள். ஒரு தன்மையின் கெழுவைக் கட்டணத்தின் கெழுவால் வகுத்தால் அந்தத் தன்மைக்கு மட்டும் எவ்வளவு என்று தனியே வந்துவிடும். “சோலைக்கும் பைனுக்கு இருப்பது போன்ற பாதை இருந்தால்?” என்ற கேள்விக்கு இதில்தான் விடை கிடைக்கும்.

படங்களில் ஏமாறாதீர்கள். பைன் காட்டை வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் எடுத்துவிட்டு, சோலையை மழை மூட்டத்தில் எடுத்தால் படம் எடுக்கும்போதே முடிவு எழுதப்பட்டுவிட்டது. 1976-இல் டேனியல், பாஸ்டர் என்ற இருவர் அமெரிக்க வனத்துறைக்காக அழகு மதிப்பீட்டு முறை ஒன்றை வெளியிட்டார்கள். அதில் கேமராவை எந்தத் திசையில் திருப்புவது என்பதைக்கூடத் தற்செயலுக்கு விட்டுவிடுவார்கள், எடுப்பவரின் ரசனை உள்ளே நுழையக் கூடாது என்பதற்காக. நீங்களும் திசைகாட்டியில் சீட்டுக் குலுக்கி எடுங்கள். சோலைப் படம் அசிங்கமாக வந்தாலும் அதையே காட்டுங்கள்.

“எதுக்குப் பணம் குடுக்கணும்” என்றவர்களைப் பூஜ்ஜியத்தில் சேர்க்காதீர்கள். காட்டுக்கு மதிப்பில்லை என்பவர் வேறு, கேட்பவர் மேல் நம்பிக்கையில்லை என்பவர் வேறு. அடுத்த வரியில் “ஏன்?” என்று கேட்டுப் பிரித்து எழுதுங்கள். எக்ஸான் வால்டீஸ் கப்பலின் எண்ணெய்க் கசிவுக்குப் பிறகு கென்னத் ஆரோ, ராபர்ட் சோலோ என்ற பொருளியலாளர்கள் தலைமையில் அமைந்த குழு, இப்படிக் கேட்கும் முறை பற்றி 1993-இல் தந்த பரிந்துரைகளை ஒரு முறை படியுங்கள். “எவ்வளவு கொடுப்பீர்கள்?” என்று வெறுமனே கேட்காமல் ஒரு தொகையைச் சொல்லி “சம்மதமா, இல்லையா?” என்று கேட்கச் சொல்வார்கள். நம் ஊரில் இது இன்னும் பொருந்தும். பேரம் பேசிப் பழகியவர்கள் நாம், தொகையை நம் வாயால் முதலில் சொல்லமாட்டோம்.

கடைசியாக ஒரே ஒரு கேள்வியை வினாத்தாளில் சேருங்கள்: “இன்று இந்தக் காடு மூடியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?” ஈரோட்டு அம்மா அடுத்த இடத்துக்குப் போயிருப்பார், அவருக்கு இழப்பு சொற்பம். பெங்களூர்க்காரர் ஊரைவிட்டே கிளம்பியிருக்கமாட்டார். தலைகளை எண்ணும்போது காணாமல் போகிற வித்தியாசம் இந்தக் கேள்வியில் அகப்பட்டுவிடும்.

---

ஊட்டி_வண்டிக்காரன்

தங்கச்சி, அந்த டிரைவர் நானாகவும் இருக்கலாம். நாங்கள் பத்து வருடத்துக்கு மேலாக இதே ரூட்டில் ஓட்டுகிறோம்.

லோக்கல் சைட்சீயிங் என்று வருபவர்களிடம் அட்டையில் அச்சடித்த பட்டியல் ஒன்றை நீட்டுவோம். பைக்காரா ரூட் என்றால் பைன் காடு, காமராஜர் சாகர் அணை, ஷூட்டிங் மட்டம், பைக்காரா அருவி, படகு. கோத்தகிரி ரூட் என்றால் கோடநாடு காட்சிமுனை, கேத்தரின் அருவி. லாங்வுட் சோலை எந்த அட்டையிலும் கிடையாது. காரணம் எளிது. வண்டியை நிறுத்தி, அனுமதி வாங்கி, உள்ளே போய்த் திரும்ப எத்தனை மணி நேரம் ஆகும் என்று எனக்கே தெரியாது. நாள் வாடகைக்கு ஓட்டுபவன் நேரத்தை எண்ணித்தான் ஓட்ட முடியும். பாதி வழியில் குழந்தை பசி என்று அழுதால் சோலைக்குள் டீக்கடை கிடையாது.

பைன் காட்டுக்கு ஏன் நிறுத்துகிறோம் என்றால், இறங்கினால் அரை மணியில் ஏறிவிடுவார்கள். போட்டோ நன்றாக விழுகிறது, கீழே அணைத் தண்ணீர் தெரிகிறது, புதுமணத் தம்பதிகளுக்குப் பிடிக்கும். சினிமாவில் பார்த்த இடம் என்றால் கேட்டே நிறுத்தச் சொல்வார்கள். கொடைக்கானலில் குணா குகைக்கு 2024-இல் ஒரு மலையாளப் படம் வந்தவுடன் கூட்டம் எப்படி ஏறியது என்று அங்கே ஓட்டும் நண்பர்கள் சொன்னார்கள். காடு அதே காடுதான்.

மேடம் சொன்ன கணக்கெல்லாம் எனக்குப் புரியவில்லை, ஆனால் ஒன்று தோன்றுகிறது. ஷூட்டிங் மட்டம் பைன் காட்டுக்கு அடுத்தாற்போல், அதே கூடலூர் ரோட்டில் இருக்கிறது. அங்கே மரமே இல்லை, வெறும் புல் மேடு. அதே வண்டி, அதே டிரைவர், அதே சோளக்கடை. இரண்டு இடத்திலும் ஒரே ஆட்கள்தான் இறங்குகிறார்கள். என் வண்டியில் வருபவர்களைப் பார்த்தவரை, புல் மேட்டில்தான் அதிக நேரம் இருக்கிறார்கள். குழந்தைகள் உருள்கின்றன, பெரியவர்கள் சும்மா உட்கார்கிறார்கள். ஹார்ன் அடித்தால்தான் வருவார்கள்.

---

வரவுசெலவு

அண்ணா, உங்களுக்குக் கணக்குப் புரியவில்லை என்று யார் சொன்னது! மலர், இதை விடாதீர்கள். சாலை, வசதி, வருபவர் எல்லாம் ஒன்றாக இருந்து, நிலத்தின் மேல் இருப்பது மட்டும் மாறுகிற இரண்டு இடங்கள். ஆய்வுக்கூடத்தில்கூட இப்படி அமையாது. இரண்டிலும் இறங்கும் அதே குடும்பத்தை இரண்டு இடத்திலும் கேளுங்கள். எவ்வளவு நேரம் தங்கினார்கள் என்று கடிகாரம் வைத்தும் குறியுங்கள், வாய் சொல்வதோடு ஒப்பிடலாம்.

---

ஓய்வுபெற்ற_ரேஞ்சர்

உரையாடலைப் படித்துக்கொண்டே வந்தேன். பொருளியல் என் துறை இல்லை. மரம் வளர்த்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம்.

அம்மா, “பைன் மேலாண்மை” என்று எழுதுகிறீர்களே, அது என்ன மேலாண்மை? அந்த மரங்கள் வெட்டி விற்பதற்காக நட்டவை. சீகையைத் தோல் பதனிடும் பட்டைக்காகவும், கற்பூர மரத்தை விறகுக்கும் சிறுமுகை விஸ்கோஸ் ஆலைக்கும் வளர்த்தது போல, பைனுக்கும் ஒரு வெட்டுச் சுழற்சி மனதில் இருந்தது. 1988 தேசிய வனக் கொள்கை வந்தது, காடு என்றால் முதலில் மண்ணும் தண்ணீரும் என்று ஆயிற்று, பிறகு நீதிமன்ற உத்தரவுகள். மலையில் மரம் வெட்டுவது படிப்படியாக நின்றது. வெட்டாமல் விட்டதால் மரம் உயர்ந்தது, கீழ்க் கிளைகள் நிழலில் காய்ந்து விழுந்தன, தரையில் ஊசியிலை மெத்தை போட்டது, அடியில் புதர் முளைக்கவில்லை. உங்கள் சுற்றுலாக்காரர்கள் ரசிக்கிற அந்தத் தூண் வரிசை, தோட்டம் அதன் வேலையைச் செய்யாமல் விட்டதால் வந்தது. திட்டப்படி வெட்டியிருந்தால் அங்கே அடிக்கட்டைகளும் லாரித் தடமும்தான் நின்றிருக்கும். அதற்கு யார் டிக்கெட் எடுப்பார்? பிரிட்டனிலும் முதல் உலகப் போருக்குப் பிறகு கட்டம் கட்டமாக ஊசியிலை மரங்களை நட்டு மக்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, 1960-களில் சில்வியா குரோ என்ற நிலவடிவமைப்பாளரை அழைத்துத் தோட்டத்தின் ஓரங்களை மலையின் வளைவுக்கு ஏற்ப மாற்றச் சொன்னார்கள். ஆகவே இனத்தின் பெயரை மட்டும் எழுதாதீர்கள். வயது, இடைவெளி, கடைசியாக எப்போது வெட்டினார்கள், தரையில் என்ன இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். பைனைப் பிடிக்கிறது என்பவர் பெரும்பாலும் பெரிய மரத்தையும் திறந்த தரையையும் சொல்கிறார். பைன் என்ற பெயரே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

இரண்டாவது, இந்த மலையின் பெரும்பகுதித் தோட்டங்கள் சோலையை அழித்து வந்தவை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதிகம் போனது புல்வெளி. சோலை பள்ளத்து மடிப்புகளில் ஒட்டிக்கொண்டு நின்றது, திறந்த புல்மேட்டில்தான் நாங்கள் நட்டோம். தோடர்கள் எருமை மேய்த்த மேடுகள் அவை. வண்டிக்காரத் தம்பி சொன்ன ஷூட்டிங் மட்டம் அதன் மிச்சம். ஆகவே பைனுக்கு எதிரில் வைக்க வேண்டியது புல்வெளிதான், சோலையை அதற்கு அடுத்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்கிறேன், வரவுசெலவு அம்மாவிடம். 2022-இல் மாநில அரசு அந்நியத் தாவரங்களை அகற்றும் கொள்கை வெளியிட்டது. நாளைக்கே ஒரு பைன் தோட்டத்தை எடுத்தால் மறுநாள் புல்வெளி வந்துவிடாது. உண்ணிச்செடி வரும், மேட்டில் ஸ்காட்ச் புரூம் மஞ்சளாகப் பூத்துக்கொண்டு வரும், சீகை விதை மண்ணுக்குள் பல வருடம் காத்திருந்து முளைக்கும். பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த இடைப்பட்ட காலத்தில் அங்கே எந்தச் சுற்றுலாவும் இருக்காது. இன்றைய படத்தையும் முப்பது வருடம் கழித்து வரும் படத்தையும் அட்டையில் காட்டுகிறீர்கள். நடுவில் உள்ள அசிங்கமான வருடங்களை எந்த அட்டையில் காட்டுவீர்கள்?

---

வரவுசெலவு

ரேஞ்சர் ஐயா, சரியான இடத்தில் பிடித்தீர்கள். வருடங்களையும் ஒரு தன்மையாக அட்டையில் வைக்கலாம்: “அடுத்த பத்து வருடம் இங்கே நுழைய முடியாது, பிறகு இந்தப் புல்வெளி” என்று படத்தோடு எழுதி. பிறகு தள்ளுபடி விகிதம் (எதிர்காலப் பயனை வருடத்துக்கு நூற்றுக்கு எவ்வளவு குறைத்து மதிப்பது என்ற அளவு) போட்டு இன்றைய மதிப்புக்குக் கொண்டுவர வேண்டும். அங்கேதான் வம்பு. விகிதத்தைச் சற்று ஏற்றினால் போதும், முப்பது வருடம் கழித்து வரும் புல்வெளிக்கு மதிப்பே இல்லாமல் போய்விடும். முப்பது வருடம் கழித்து வரும் 100 ரூபாய், 10 சதவீதத்தில் இன்று ஆறு ரூபாய்கூடப் பெறாது, 3 சதவீதத்தில் 41 ரூபாய் பெறும். எனவே மலர் ஒரே விகிதத்தில் முடிவு சொல்லாமல் இரண்டையும் அட்டவணையில் போட வேண்டும். எந்த விகிதம் என்பது பொருளியல் தரும் விடை இல்லை, மலையை யாருக்காக வைத்திருக்கிறோம் என்ற கேள்வி அது. ஆனால் எல்லா மதிப்பையும் பொழுதுபோக்கின் வழியாகவே கொண்டுவர வேண்டும் என்ற அவசியமும் இல்லை. லாங்வுட் கொடுக்கும் தண்ணீரைச் சுற்றுலாக் கணக்கில் தேடாதீர்கள், அதற்குத் தனி அத்தியாயம்.

---

மஞ்சூர்_மலர்

எல்லோருக்கும் நன்றி. இதை எடுத்துக்கொண்டு நேற்று ஆசிரியரிடம் பேசினேன். “எந்த மேலாண்மை சிறந்தது” என்ற கடைசி அத்தியாயத்தைக் கைவிட ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் இடங்களை மாற்றச் சம்மதித்துவிட்டார். பைன் காடும் ஷூட்டிங் மட்டமும் ஒரு ஜோடி. கெயர்ன் ஹில்லும் லாங்வுட்டும் இன்னொரு ஜோடி. இரண்டுமே வனத்துறையின் மலையேற்றத் திட்டமான டிரெக் தமிழ்நாடு பாதைப் பட்டியலில் இருப்பதால், முன்பதிவு செய்து வழிகாட்டியோடு நடப்பவர்களை இரண்டிலும் ஒரே மாதிரி பிடிக்கலாம் என்று நினைக்கிறேன். குறுக்கே ஒப்பிடமாட்டேன்.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். உள்ளூர்க்காரர்களை எங்கே வைப்பது? எங்கள் ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) தினமும் காலையில் சோலை ஓரமாக நடக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள். பயணச் செலவு பூஜ்ஜியம். இந்த முறைப்படி அவர்கள் அடையும் மகிழ்ச்சியும் ஏறக்குறைய பூஜ்ஜியம்தானா?

---

வரவுசெலவு

அவர்களுக்குச் செலவு பூஜ்ஜியம் என்பது தவறு, நேரம் இருக்கிறது. நேரத்துக்குக் கூலியில் மூன்றில் ஒரு பங்கு என்று வைப்பது வழக்கம், ஆனால் ஓய்வுபெற்ற பெரியவருக்கு அந்தக் கூலியை எங்கே போய்த் தேடுவது? அவர்களைச் சுற்றுலாவாசிகளோடு ஒரே மாதிரியில் போடாதீர்கள். தனி மாதிரி. வருடத்துக்கு எத்தனை முறை என்ற கேள்வி அங்கே உயிர்பெறும், ஏனென்றால் விடைகள் ஒன்றிலிருந்து முந்நூற்றுச் சொச்சம் வரை விரியும். கட்டணம் என்று கேட்டால் கோபம் வரும், அதனால் பணத்துக்குப் பதில் தூரத்தைக் கேளுங்கள்: இந்த ஓரத்தை வேலி போட்டு அடைத்துவிட்டால் இதே மாதிரி நடக்க எவ்வளவு தூரம் போவீர்கள்?

---

ஓய்வுபெற்ற_ரேஞ்சர்

அதைக் கேட்கும்போது காட்டுமாடு எந்தப் பக்கம் நிற்கிறது என்றும் கேளுங்கள். இப்போது பாதி ஊர் அதைப் பார்த்துத்தான் நடக்கும் நேரத்தை மாற்றுகிறது. உங்கள் தேவைக் கோட்டில் அதுவும் ஒரு செலவு.

---

ஊட்டி_வண்டிக்காரன்

தங்கச்சி, தலைகுந்தாவுக்குச் செவ்வாய் அல்லது புதன் வாருங்கள். சனி, ஞாயிறு வந்தால் யாரும் நின்று பதில் சொல்லமாட்டார்கள், பின்னால் நிற்கும் வண்டிகள் ஹார்ன் அடித்தே துரத்திவிடும். காலை பத்தரைக்கு மேல் முதல் வண்டிகள் சேரும். எங்கள் ஸ்டாண்டில் சொல்லி வைக்கிறேன், ஷூட்டிங் மட்டத்தில் இறக்கும்போது உங்கள் தாளை நிரப்பிய குடும்பம் எது என்று அடையாளம் காட்டுவார்கள். வண்டி எண்ணைத் தாளின் மேல் குறித்துக்கொள்ளுங்கள், மற்றது சுலபம்.